இரவெல்லாம் கங்கு காத்தவர்கள்

கரியில் இறைச்சி சுடுவது எப்படி என்று யூடியூபில் தேடிப் பாருங்கள். எத்தனை நிமிடம் வேக வேண்டும், எப்போது திருப்பிப் போட வேண்டும் என்று வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குவார்கள். நான் பார்த்தவற்றில் பேசியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள். வெப்பமானியே இல்லாத காலத்தில் இந்த நேரக்கணக்கைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 'பார்பிக்யூ' என்பது வெறும் உணவு அல்ல, திருவிழா. வர்ஜீனியாவிலும் கரோலினாக்களிலும் தேர்தல் கூட்டம், ஜூலை 4 விடுதலை நாள் என எதுவானாலும் நீளமாகக் குழி வெட்டி முழுப் பன்றிகளைச் சுட்டார்கள். சுடும் முறையின் வேர் அந்த மண்ணின் பூர்வகுடிகளிடம் இருக்கிறது. பெருவிருந்துகளில் மரம் வெட்டி, குழி தோண்டி, விடிய விடிய நெருப்பருகே நின்றவர்களோ பெரும்பாலும் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அடிமைகளை வைத்துக்கொண்டு விடுதலை நாள் விருந்து!

அந்த வேலையின் நுட்பம் முழுவதும் நேரத்தில்தான் இருக்கிறது. ஒரு முழுப் பன்றி வேகச் சுமார் 12 மணி நேரம் ஆகும். தோள்பகுதி இறைச்சியில் உள்ள இணைப்புத் திசு நிதானமான சூட்டில்தான் கரையும். அவசரப்பட்டால் மேலே கருகும், உள்ளே ரப்பராக இருக்கும். அதனால் விறகைத் தனியாக எரித்துக் கங்காக்கி, அந்தக் கங்கை மண்வாரியில் அள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குள் போடுவார்கள். தடித்த தோளுக்கும் தொடைக்கும் அடியில் அதிகம், மெல்லிய வயிற்றுக்கு அடியில் குறைவு. கொழுப்புச் சொட்டும் ஓசை நின்றுபோனால் சூடு போதவில்லை என்று பொருள். சொட்டுச் சொட்டாக விழுந்து தீப்பற்றினால் சூடு அதிகம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இறைச்சியின் உள்வெப்பம் சுமார் 65, 70 டிகிரிக்கு வந்ததும் மணிக்கணக்கில் ஏறாமல் அப்படியே நிற்கும். நமக்கு வியர்த்து உடல் குளிர்வதுபோல, இறைச்சியின் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விக்கிறது. புதிதாகச் சுடுபவர் பதறிப்போய் நெருப்பைக் கூட்டிக் கெடுத்துவிடுவார். அனுபவசாலி காத்திருப்பார். பாடநூல் எதுவும் இல்லாமல், எழுதப் படிக்கக் கற்பதே பல மாநிலங்களில் தடைசெய்யப்பட்டிருந்த மக்கள் கைமாற்றிக் கொடுத்த அறிவு இது.

1930களில் அமெரிக்க அரசு, உயிரோடிருந்த முன்னாள் அடிமைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் நினைவுகளைப் பதிவு செய்தது. அவர்களில் ஒருவர் தென் கரோலினாவின் வெஸ்லி ஜோன்ஸ். விருந்துக்கு முந்தைய இரவு முழுவதும் தூங்காமல், நீண்ட குச்சியில் துணி சுற்றி, வினிகர், மிளகு, மிளகாய், வெண்ணெய், மல்லி, பூண்டு எல்லாம் சேர்ந்த கலவையை இறைச்சிமேல் தடவிக்கொண்டே இருந்ததை அவர் விவரிக்கிறார். அந்தக் கலவை கங்கில் சொட்டி எழும் புகையே இறைச்சிக்கு மணமூட்டியதாம். அவர் சொன்னது ஒரு பாடமாகவே இருக்கிறது.

அடிமைமுறை போனது, சமையல்கட்டு மாறவில்லை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஆலீஸ் பார்பிக்யூ என்ற உணவகம் 1927இல் தொடங்கியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஆனால் கறுப்பர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம். நம் ஊர் இரட்டைக் குவளை உங்களுக்கு ஞாபகம் வருகிறதா?

1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்ததும் இந்த உணவகம் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக உணவகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எந்த அடிப்படையில் தெரியுமா? உணவகம் ஓராண்டில் வாங்கிய ஏறத்தாழ 1,50,000 டாலர் உணவுப்பொருளில் 46 சதவீதம், வேறு மாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. எனவே மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இந்த உணவகத்தின்மீதும் செல்லும் என்றார்கள். சமைத்தவரின் மாண்பு கதவைத் திறக்கவில்லை, எல்லை தாண்டி வந்த இறைச்சி திறந்தது. சட்டம் படிக்கும் தோழர்கள் இந்தத் தீர்ப்பை முழுதாக வாசிக்க வேண்டும். வென்றதும் பெரிது, வென்ற வழியின் குறையும் பெரிது.

தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்ற பார்பிக்யூ கடைகளின் முதலாளி இன்னும் ஒரு படி மேலே போனார். கறுப்பருக்குப் பரிமாறுவது தன் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று வாதாடினார். இதைப் பொருட்படுத்தத் தகாத வாதம் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது.

அதே மாநிலத்தின் ஹெமிங்வே என்ற சிற்றூரில், 11 வயதிலேயே முதல் முழுப் பன்றியைச் சுட்டவர் ராட்னி ஸ்காட். கறுப்பினத்தவர். 2018இல் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்கான சிறந்த சமையற்கலைஞர் என்ற ஜேம்ஸ் பியர்ட் விருதைப் பெற்றார். இரும்புப் பீப்பாயில் விறகை எரித்து, விழும் கங்கை மண்வாரியில் அள்ளி, 12 மணி நேரம் காத்து நிற்பதுதான் அவரும் செய்யும் வேலை.