சோழமண்டலம் என்று பெயர் பெற்ற சீனத் திரை



புலனத்தில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பளபளக்கும் கறுப்புப் பலகைகள், அவற்றில் மாளிகைகள், தோட்டத்தில் உலாவும் பெண்கள், ஓரமெல்லாம் பூச்சாடிகள். கீழே ‘சோழர் கலை, ஐரோப்பாவே கொரமண்டல் என்று போற்றுகிறது’ என்று ஒரு வரி. படிவம் ஐந்து மாணவர் ஒருவர் இதை நம்பித் தம் கட்டுரையில் ஒரு பத்தியே எழுதிவிட்டார். மொழி அழகாக இருந்தது, செய்திதான் தவறு. அந்தத் திரையைச் செய்தவர்கள் சீனர்கள். அப்படியானால் சோழமண்டலம் என்ற பெயர் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் புலனச் செய்தியைவிடச் சுவையான வரலாறு கிடைக்கிறது.

முதலில் சொல். சோழமண்டலக் கரையைப் போர்த்துகீசியர் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்ல, அதுவே ஐரோப்பிய மொழிகளில் ‘கொரமண்டல்’ ஆனது. நியூசிலாந்திலும் ஒரு கொரமண்டல் இருக்கிறது. 1820இல் அங்கே போன ஒரு கப்பலின் பெயர் அது, கப்பலின் பெயரே நிலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அங்கே சோழர் ஆண்டார்கள் என்று யாரும் எழுதுவதில்லை, இல்லையா? திரையின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இப்போது பொருளைப் பார்ப்போம். இது மடக்கு மடக்காக நிற்கும் மரத்தட்டி. பெரும்பாலும் 12 பலகைகள், ஆள் உயரத்தைத் தாண்டி இரண்டரை மீட்டர்வரை போகும். முழுக்க விரித்தால் ஏறத்தாழ 6 மீட்டர் சுவரை மறைத்துவிடும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குறிப்பாகக் காங்சி பேரரசர் ஆண்ட 1661 முதல் 1722 வரையிலான காலத்தில், சீனாவில் இவை நிறையச் செய்யப்பட்டன. சீன மொழியில் இந்த வேலைக்குக் ‘குவான் சாய்’ என்று பெயர். செதுக்கி வண்ணம் இடுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கறுப்பு மெருகு எதனால் ஆனது தெரியுமா? மரப்பாலால். நம் தாத்தா பாட்டி ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த மாதிரியே, சீனர்கள் அரக்கு மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார்கள். ரப்பர்ப் பால் கையில் பட்டால் பிசுபிசுக்கும், அவ்வளவுதான். இந்தப் பால் பட்டால் தோல் அரித்துக் கொப்பளித்துவிடும். இன்னொரு வேடிக்கை, இது வெயிலில் காய்ந்து இறுகுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள காற்றில்தான் இறுகும். நாம் அரக்கு என்று சொல்வது பூச்சியிலிருந்து வரும் பிசின். இது வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவதால் மாணவர்கள் குழம்பிவிடுகிறார்கள், ஆகவே சீன அரக்கு என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

பலகைமேல் முதலில் மண்தூள் கலந்த கனமான பூச்சு. அது காய்ந்ததும் அதன்மேல் சீன அரக்கை அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து மெருகேற்றுவார்கள். பிறகு உளி பிடிப்பவர் அரக்கை வெட்டி, அடியில் இருக்கும் வெளிறிய பூச்சு தெரியும்வரை குழித்து, கோடுகளை மட்டும் கறுப்பாக விட்டுவிடுவார். குழிகளில் வண்ணமும் பொன்னும் நிரப்புவார்கள். தாங் வம்சத் தளபதி குவோ சீயியின் பிறந்தநாள் விருந்து, பறவைகள், பூக்கள் இவையே அதிகம் வரும் காட்சிகள். பல திரைகள் பெரிய அதிகாரிகளுக்குப் பிறந்தநாள் பரிசாகச் செய்யப்பட்டவை. வாழ்த்து வாசகம் பின்பக்கத்தில் பொறித்திருக்கும்.

இவை ஐரோப்பாவுக்குப் போன வழியில்தான் நம் கரை வருகிறது. 18ஆம் நூற்றாண்டு பிறக்கும்வரை ஆங்கிலேயக் கும்பினிக்குக் கான்டன் துறைமுகத்தோடு நேரடியான, ஒழுங்கான வாணிபம் கிடையாது. ஆசியத் துறைமுகங்களுக்குள் ஓடிய கப்பல்கள் சீனச் சரக்கைக் கொண்டுவந்து சோழமண்டலக் கரையில் இறக்கும். அங்கே ஐரோப்பாவுக்குத் திரும்பும் பெரிய கப்பலில் துணியோடு சேர்த்து ஏற்றுவார்கள். அந்தக் கரை முழுக்க அப்போது ஐரோப்பியர் கோட்டைகள்தாம்: பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனியர், 1639 முதல் சென்னையில் ஆங்கிலேயர், 1674 முதல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். இலண்டனில் பெட்டியைத் திறந்தவருக்குச் சரக்கு எங்கிருந்து ஏற்றப்பட்டது என்பதுதான் தெரியும். யார் செய்தது என்று யார் கேட்டார்கள்? சாவாவின் பாந்தாம் துறைமுகம் வழியாகவும் இவை போனதால், ஆங்கிலேயர் அந்த நாளில் ‘பாந்தாம் வேலை’ என்றும் சொன்னார்கள். அரக்குப் பொருள் எதுவானாலும் ‘ஜப்பான்’ என்று அழைத்தவர்களும் உண்டு. ஆக, ஒரே சீனத் திரைக்கு மூன்று பெயர்கள், மூன்றும் சீனாவைச் சுட்டவில்லை.

எலிஹு யேல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்து பெரும் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தின்மேல் அன்றே புகார்கள் இருந்தன. அவர் வேல்ஸ் நாட்டு நண்பர் ஜோஷுவா எடிஸ்பரிக்குப் பரிசளித்த சீனத் திரை, எர்டிக் மாளிகையில் இன்றும் நிற்கிறது. 1721இல் யேல் இறந்த பிறகு அவர் சேர்த்த தளவாடங்களையும் கலைப்பொருள்களையும் பல தவணைகளாக ஏலம் விட வேண்டியிருந்தது. அவ்வளவு குவித்து வைத்திருந்தார் மனிதர்.

சேகரித்தவர்கள் எல்லாரும் பொருளை மதித்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நிறையத் திரைகளை அறுத்துவிட்டார்கள். சுவர்ப்பலகையாக ஒட்டினார்கள், கண்ணாடிச் சட்டம் செய்தார்கள், பாரிஸ் தச்சர்கள் இழுப்பறைப் பெட்டிகளின் முகப்பில் பதித்தார்கள். நெதர்லாந்தின் லேவார்டன் அரண்மனையில் ஓர் அறைக்கே இப்படிச் சுவர் அமைத்தார்கள். அந்த அறையை இப்போது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1688இல் அரக்கு வேலை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய ஸ்டாக்கர், பார்க்கர் இருவரும், காட்சியின் தலைகால் பாராமல் அறுத்து ஒட்டுகிறார்களே என்று அப்போதே கேலி செய்திருக்கிறார்கள். எனக்கு இந்த இடம்தான் வலிக்கிறது. ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து, எழுத்தறியாத கைகளில் மேசைப் பலகையாகிப் போனது. பின்னாளில் பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர் கொக்கோ ஷனேலும் இவற்றைச் சேர்த்தார். கம்போன் தெரு வீட்டில் திரைகளை நிறுத்தியே அறைகளைப் பிரித்துக்கொண்டார்.

‘அப்படியென்றால் நமக்கு இதில் பெருமையே இல்லையா சார்?’ என்று மாணவர் கேட்பார். இருக்கு, ஆனால் வேறு இடத்தில். சீன வாணிபத்தில் தமிழர் பங்கைக் காட்ட உறுதியான சான்றுகள் உண்டு. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சீனா சென்றதைச் சீனர்களே பதிந்து வைத்திருக்கிறார்கள். சீனாவின் சுவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. கமுந்திங்கிலிருந்து வடக்கே போனால் கடாரம், அங்கே பூஜாங் பள்ளத்தாக்கிலும் சீன ஓடுகள் கிடைத்தன. இவற்றை எழுதுங்கள், யாரும் மறுக்க முடியாது.

நம் ஊரும் சீனப் பொருள்களுக்குப் புதியதல்ல. கிளியான் பாரு என்று பெயர் இருந்த காலத்திலேயே கமுந்திங் சீன ஈயச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். தைப்பிங்கில் 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் நாட்டின் மிகப் பழையது. மாணவர்களை ஒருமுறை அழைத்துப் போங்க. பெரானாக்கான் வீடுகளுக்காகவே சீனாவில் சுட்ட இளஞ்சிவப்பு, பச்சை நிற ‘நொன்யா’ பீங்கான்களைச் சேர்ப்பவர்கள் மலேசியாவில் இன்றும் இருக்கிறார்கள். தோட்டத்தில் நம்மவர்கள் பால் பிடித்தது எதில்? மங்கில். தமிழ் அகராதியில் மங்கு என்றால் பீங்கான் பாத்திரம். மலாயில் கிண்ணத்தை மங்குக் என்கிறார்கள். மங்கு துடைத்து வளர்ந்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், இந்தச் சொல்லைப் பற்றி மாணவர்களைக் கேட்டு வரச் சொல்லலாம்.

ஒரு சின்னக் குறிப்பு. பழம்பொருள் கடையிலோ உணவகத்திலோ கறுப்புத் திரை ஒன்றைக் கண்டால் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். உருவங்கள் கல்லாலும் சிப்பியாலும் செய்து மேலே ஒட்டப்பட்டுப் புடைத்து நின்றால் அது வேறு வகை. உருவம் பலகைக்குள் குழிந்து, அரக்கின் கறுப்புக் கோடு மட்டும் மேல்மட்டத்தில் நின்றால்தான் நாம் பேசிய வகை. பிறகு பின்பக்கம் போங்கள். அங்கே சீன எழுத்து இருந்தால், படிக்கத் தெரிந்த சக ஆசிரியரிடம் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள், யாருடைய பிறந்தநாள் என்று.