திரமம் வந்த வழி

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுப் பணம் மாற்றித் தருகிறார்கள். அடியார்கள் கொண்டுவரும் யூரோவும் டாலரும் அங்கே மாறும். விடுப்பில் ஊர் திரும்பும் பிள்ளைகள் கொண்டுவரும் வளைகுடாத் திர்ஹமும் மாறும். திர்ஹத்தை அரபுச் சொல் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். அது கிரேக்கரின் 'திராக்மே'. பாரசீகம் வழியாக அரபுக்குப் போனது. கிரீஸ் 2002இல் யூரோவுக்கு மாறி அந்தப் பெயரை விட்டுவிட்டது, அமீரகம் இன்னும் வைத்திருக்கிறது. அதே சொல் தமிழுக்கும் வந்திருக்கிறது. நம் இடைக்காலக் கல்வெட்டுகளில் காசுப் பெயராக வரும் 'திரமம்' அதுதான்.

திராக்மே என்றால் ஒரு கைப்பிடி. நாணயம் அடிக்கத் தொடங்கும் முன் கிரேக்கரிடம் இறைச்சி சுடும் இரும்புக் கம்பிகள் பணமாகப் புழங்கின. ஒரு கம்பி ஓர் ஓபோல். ஆறு கம்பிகள் ஒரு கைக்குள் அடங்கும். அந்தப் பிடி ஒரு திராக்மே. ஆர்கோஸ் அருகே ஹீரா தேவி கோயிலில் காணிக்கையாக வைக்கப்பட்ட கம்பிக் கட்டு அகழாய்வில் கிடைத்து, ஏதென்ஸ் நாணய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளி நாணயம் வந்த பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. லௌரியன் சுரங்கத்து வெள்ளியில் ஏதென்ஸ் அடித்த திராக்மே ஏறத்தாழ 4.3 கிராம், நான்கு திராக்மே நாணயம் 17.2 கிராம். முன்புறம் அத்தீனா தேவியின் முகம், பின்புறம் ஆந்தை. சேகரிப்பவர்கள் இன்றும் முதலில் தேடுவது அந்த ஆந்தையைத்தான்.

அலெக்சாந்தருக்குப் பின் பாக்திரியாவை ஆண்ட கிரேக்கர்கள் இந்துகுஷ் மலையைத் தாண்டி வந்ததும் நாணயமும் மாறியது. எடை இந்திய வழக்குக்கு ஏற்ப 2.5 கிராம் அளவுக்கு இறங்கியது. ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி எழுத்தில் பிராகிருதம். அந்தக் கிரேக்க அரசர்களில் அப்பல்லோடோட்டஸ், மெனாண்டர் ஆகியோரின் பழைய திராக்மேக்கள் குஜராத்தின் பரூச் துறைமுகச் சந்தையில் இன்னும் புழங்குவதாகக் கிரேக்கக் கடல் வணிகக் கையேடான பெரிப்ளூஸ் சொல்கிறது. அது எழுதப்பட்டது கி.பி. முதல் நூற்றாண்டில், அந்த அரசர்களோ கி.மு. இரண்டாம் நூற்றாண்டினர். வெள்ளி சுத்தமாக இருந்தால் அரசன் போனாலும் காசு செல்லும். மேற்கு இந்தியாவை ஆண்ட மேலைச் சத்ரபர்கள் அந்த அச்சையே பின்பற்றினார்கள். அவர்கள் காசில் அரசன் தலையைச் சுற்றிக் கிரேக்க எழுத்துகள் இருக்கும். போகப் போகப் படிக்க முடியாத வெறும் அலங்காரக் கோடுகளாகத் தேய்ந்துவிடும்.

சத்ரபர்களைப் பார்த்துச் சாதவாகனர் அடித்த வெள்ளிக்காசு நமக்கு மிக நெருக்கமானது. ஒரு பக்கம் அரசன் தலை, சுற்றிலும் பிராகிருதம். மறுபக்கத்து வாசகத்தில் 'மகன்' என்பதும் 'திரு' என்பதும், 'கு' என்ற நான்காம் வேற்றுமை உருபும் தெரிகின்றன. அது தமிழே என்று தொல்லியலறிஞர் இரா. நாகசாமி போன்றவர்கள் வாதிட்டார்கள். ஒரு தென்மொழி வழக்கு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எதுவானாலும், இருமொழிக் காசு என்ற கிரேக்கர் ஏற்பாட்டில் நம் வீட்டுச் சொற்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

பெயரும் கூடவே நடந்தது. வடமொழியில் 'த்ரம்ம', பிராகிருதத்தில் 'தம்ம'. இந்தியில் விலையைக் குறிக்கும் 'தாம்' இதன் வழிவந்ததே. மெய்ம்மயக்கத்தில் சொல் தொடங்குவதைத் தமிழ் ஏற்காது; ஆகவே இடையில் ஓர் இகரம் சேர்ந்து திரமம் ஆயிற்று. பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் அச்சு, காசு, பணம் ஆகியவற்றோடு இதுவும் நிற்கிறது.

சரி, கிரேக்க நாணயமே இங்கு வந்ததா? வந்தது. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரிப்பவர்கள் கையில் அது அகப்பட்டது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தேடித் தேடி வாங்கி, எழுத்தெழுத்தாகப் படித்து, 2000இல் ரோமானியர் அல்லாத அயல்நாட்டு நாணயங்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். செலூக்கியர், ஃபினீசியா, ரோடஸ், திரேஸ் என்று அதில் பல ஊர்க் காசுகள். சேரரின் 'மாக்கோதை' வெள்ளிக்காசும் அதே ஆற்றில் கிடைத்தது: வலப்பக்கம் பார்க்கும் அரசன் தலை, கூரிய மூக்கு, ஒட்ட வெட்டிய முடி, மேலே தமிழ் பிராமியில் பெயர். மேலைநாட்டு நாணயத்தைக் கையில் வைத்துப் பார்த்த ஒருவன்தான் அப்படி அச்சு வெட்டியிருக்க முடியும்.

ஆனால் சங்க இலக்கியத்தில் திரமம் என்ற சொல் இல்லை. பொன் உண்டு, காசு உண்டு, அதுவும் பெரும்பாலும் அணிகலனில் கோத்த மணி. ஆகவே என் முடிவு இது: நாணயம் கடல் வழியாக முதலில் வந்தது, பெயர் தரை வழியாக, வடக்கே பல கைகள் மாறி, மிகப் பிந்தி வந்தது. கரூரில் கிரேக்க வெள்ளியைத் தொட்டவர்கள் அதைத் திரமம் என்று அழைத்திருக்க மாட்டார்கள். திரமம் என்று கல்லில் வெட்டியவர்கள் கிரேக்க வெள்ளியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

திருவண்ணாமலைச் சீமைக்கென்று தனிக் காசும் உண்டு. செங்கம் வட்டம் ஆண்டிப்பட்டியில் ஈய நாணயக் குவியல் ஒன்று கிடைத்தது. 'அதினன் எதிரான் சேந்தன்' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்தவை. ஈயம் மங்கலாக இருக்கும், பளபளக்காது. பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போய்விடக்கூடிய பொருள். அது தப்பியதால்தான் சேந்தன் என்ற பெயர் நமக்குத் தெரிகிறது.

பழங்காசு சேர்க்க விரும்பும் இளைஞர்களுக்கு இரண்டு வார்த்தை. தெருவோரம் மலிவாக விற்கும் ஆந்தைக் காசை வாங்காதீர்கள். அச்சில் வார்த்த போலிக்கு ஓரத்தைச் சுற்றி ஒட்டுத் தடம் தெரியும், எடையும் பொருந்தாது. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தேய்க்காமல், புளி போட்டு விளக்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து அப்படியே ஒப்படையுங்கள்.