கடலுக்கடியில் போன கேபிள்

2006-ல் தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் கல்கிசை வரைக்கும் கடலுக்கடியில் ஒரு கண்ணாடி இழைக் கேபிள் போட்டார்கள். பிஎஸ்என்எல்லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து போட்டது. பேரு பாரத் லங்கா. நீளம் சுமார் 320 கிலோமீட்டர். மூச்சை அடக்கி ஆட்கள் முத்துக்குளிக்க இறங்கின அதே மன்னார் வளைகுடா வழியாகத்தான் போகுது. இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது.

அப்படிப்பட்ட மாவட்டத்துல எங்க வீட்டு நெட் ஏன் அடிக்கடி நிக்குதுன்னு டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க கேக்காங்க. கடல் கேபிளுக்குக் கரையோரத்துல இரும்புக் கம்பிக் கவசம் உண்டு. எங்க தெருவுக்கு வர்றது கருப்பு உறையோட கரண்டு கம்பத்துல தொங்குது. வைக்கோல் ஏத்துன லாரி உரசினாலே போச்சு. பழைய லேண்ட்லைனுக்குச் செம்புக் கம்பி; அறுந்தா முறுக்கி விட்டுடலாம். இழையை உருக்கித்தான் ஒட்டணும், அதுக்கு மெஷினோட ஆள் வரணும். அவர் வர்ற வரைக்கும் மோடத்துல சிவப்பு விளக்குதான்.

சினிமா பாக்க முடியலைன்னா பரவாயில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. கரண்டு போச்சு. செல்போன் டவரெல்லாம் பேட்டரியும் டீசலும் இருக்கிற வரைக்கும்தானே? பெங்களூர்ல இருக்கிற என் மகளுக்கு மூணாம் நாள்தான் என் குரல் கேட்டுச்சு. அதுவரைக்கும் நாங்க இருக்கோமா இல்லையான்னே அவளுக்குத் தெரியாது.

அப்புறம் மோடத்துக்கு ஒரு பேட்டரி வாங்கி வெச்சேன். கம்பத்துல தொங்குற கேபிள் இன்னும் அப்படியேதான் இருக்கு.