திரும்பி வரும் பாட்டில்

உப்பிலியபுரத்தில் என் சிறுவயதில் கோலி சோடாவைக் கடையிலேயே நின்று குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும். இதைக் கடைக்காரரின் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் விலை கண்ணாடிக்குத்தான், தண்ணீருக்கு அல்ல. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உள்ளே அடைபட்ட வாயுவே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடுகிறது. குளிர்ச்சிக்கு ஈரச்சாக்கு.

2015 செப்டம்பரில் அமெரிக்காவில் கியூரிக் நிறுவனம் ‘கோல்டு’ என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. வீட்டுக்குள்ளேயே நீரைக் குளிர்வித்து, வாயு ஏற்றி, ஒருவருக்கு ஒரு தம்ளர் பானம் தரும். விலை சுமார் 370 டாலர். 2016 ஜூனில் அதைக் கைவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார்கள். விலையும் பருமனும் காரணங்கள் என்றார்கள். இருக்கலாம்.

எனக்கு நினைவு வருவது வேறு. தமிழ்நாட்டு டீக்கடைகளில் சாதிக்கொரு குவளை வைத்திருந்தார்கள். சோடா பாட்டிலோ கழுவி, நிரம்பி, மறுபடி வந்தது. முன்பு யார் வாய் பட்டது என்று அதில் எழுதியிருக்கவில்லை. கடைக்காரர் சமத்துவம் பேசியவர் அல்ல. பாட்டில்கள் போதாது, அவ்வளவுதான். வீட்டுக்கொரு இயந்திரம் வந்தால் அந்தப் போதாமையும் போய்விடும். அது லாபம்தானா என்று எனக்குத் தெளிவாகவில்லை.