எரியும் ஏரி – 4: ராணுவம் இறங்கியது

2018 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. பெங்களூரு பெல்லந்தூர் ஏரியிலிருந்து மறுபடியும் புகை கிளம்பியது. தீ கரையோரத்தில் இல்லை, நடு ஏரியில். தீயணைப்பு வண்டிகளால் நெருங்க முடியவில்லை. பக்கத்திலேயே இருக்கும் ராணுவ மையத்திலிருந்து சுமார் 5,000 வீரர்கள் இறங்கினார்கள். தீ அடங்க ஏறக்குறைய ஏழு மணி நேரம் பிடித்தது.

2015 மே மாதம் நுரையே பற்றி எரிந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். 2017 பிப்ரவரி 16 அன்று இன்னொரு முறை. இப்போது மூன்றாவது பெரிய தீ. தண்ணீர் எப்படி எரியும்?

நகரத்துக் கழிவுநீர் பல ஆண்டுகளாக இந்த ஏரியில்தான் வந்து விழுந்தது. மலமும் குப்பையும் அடியில் படிந்து, காற்று புகாத சேற்றில் மக்கின. சாண எரிவாயுக் கலனுக்குள் நடக்கும் அதே வேலைதான். மீத்தேன் குமிழ் குமிழாக மேலே வந்தது. மேலேயோ ஆகாயத்தாமரை அடர்ந்து காய்ந்து கிடந்தது, அதன் இடுக்கெல்லாம் பிளாஸ்டிக். ஒரு பொறி போதும். சலவைத்தூள் கலந்த தண்ணீர் கலங்கலில் விழும்போது எழுந்த நுரை, யமலூர்ச் சாலையில் போகிறவர்கள் முகத்தில் பறந்து வந்து அப்பியது. அதைத் தடுக்கச் சாலையோரம் வலை கட்டினார்கள்!

துர்க்மெனிஸ்தானின் காராகும் பாலைவனத்தில் தர்வாசா என்ற பள்ளம் பல பத்தாண்டுகளாக எரிகிறது. அங்கே எரிவாயு பூமியின் கொடை. பெல்லந்தூரில் அதை உண்டாக்கியது நாம், அன்றாடம், வீட்டுக்கு வீடு. அதனால்தான் இந்தத் தீயை விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அப்படி விட்டுவிடவில்லை. 2017 ஏப்ரலில் ஏரியைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளை மூட உத்தரவிட்டது. 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய், மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

ஆனால் தண்ணீர் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. பெல்லந்தூரைத் தாண்டி வர்த்தூர் ஏரி, அதைத் தாண்டித் தென்பெண்ணை. மாநில எல்லை கடந்து ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு அது வந்து சேர்ந்தபோது, மதகு வழியே வெளியேறியது என்ன? தென்பெண்ணைப் பாசனத்தில் பயிரிடும் வாசகர்கள் அடுத்த வாரப் பகுதியை அவசியம் படியுங்கள்.

(தொடரும்)