காணொளி வடிவ மாற்றம்

படம்பிடித்த வீடியோ கோப்பை, எடிட்டிங் மென்பொருள் திணறாமல் கையாளும் வடிவுக்குக் கொண்டுவருவதே வடிவ மாற்றம். கல்யாணம், காதுகுத்து, குடமுழுக்கு, தேரோட்டம் என்று ஆண்டு முழுக்க வேலையிருக்கும் காவிரிப் படுகை ஸ்டுடியோக்களில் இது தவிர்க்க முடியாத முதல் படி.

2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 ஆகியவை இடத்தை மிச்சம் பிடிக்க உருவானவை. சில ஃபிரேம்களை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் முன்பின் ஃபிரேம்களிலிருந்து மாறியதை மட்டும் குறித்துவைக்கும். பார்ப்பதற்கு இது போதும். நடுவில் வெட்டினால்தான் சிக்கல். வெட்டும் இடத்தைக் காட்ட, கணினி முந்தைய முழு ஃபிரேமிலிருந்து கணக்குப் போட்டு வரவேண்டும். ஆப்பிளின் புரோரெஸ், அவிட்டின் டிஎன்எக்ஸ்ஹெச்டி போன்றவை ஒவ்வொரு ஃபிரேமையும் தனியே வைப்பதால் வெட்டு உடனே விழும். விலை, ஹார்டு டிஸ்க். நொடிக்கு 24 மெகாபிட் கேமரா கோப்பு மணிக்கு 11 ஜிபி பிடித்தால், 25 ஃபிரேம் முழு எச்டி புரோரெஸ் 422 ஏறத்தாழ 55 ஜிபி பிடிக்கும். மாற்றினால் படம் தெளிவாகும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. கேமரா விட்டதை எந்த வடிவமும் மீட்காது.

இடம் குறைவென்றால் புராக்ஸி போதும். சிறிய நகல்களில் வெட்டி ஒட்டிவிட்டு, இறுதி ரெண்டருக்கு மூலக் கோப்புகளை இணைத்துக்கொள்ளலாம்.

அதிகம் தொல்லை தருவது கைபேசி. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டியூப் லைட் மினுக்காமலிருக்க கேமராக்காரர்கள் 25 அல்லது 50 ஃபிரேமில் எடுப்பார்கள். கைபேசியோ பெரும்பாலும் 30-இல் எடுக்கும். வெளிச்சம் குறைந்தால் அந்த எண்ணிக்கையும் நிலையாக நிற்காது. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையின்போது பாடப்படும் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தும் ஆதி தாளம். கைபேசியில் எடுத்த அப்படியொரு பதிவை மாற்றாமல் டைம்லைனில் போட்டால், நேரம் போகப்போக தாளம் போடும் கையும் பாட்டும் விலகுவது யாருக்கும் தெரியும். ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவசக் கருவிகளில் நிலையான ஃபிரேம் வீதத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் 30-ஐ 25 ஆக்கும்போது ஆறில் ஒரு ஃபிரேம் போய்விடும். தேர் நகரும் காட்சி லேசாகக் குதிக்கும்.

கேசட் கதை வேறு. தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு 1997-இலும், பிறகு 2020 பிப்ரவரி 5 அன்றும் நடந்தது. முதலாவது வீடியோ கேசட் காலம். அக்காலக் கேசட்டில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைவரி, இரட்டைவரி என இரண்டு பாதிகளாக இருக்கும். கணினியில் ஏற்றும்போது அவற்றின் வரிசை பிசகினால் அசைவதெல்லாம் நடுங்கும்.

எச்.265-ஐ வன்பொருளிலேயே விரிக்கும் புதிய கணினிகளில் பல நேரம் மாற்றமே தேவைப்படாது. ஆனால் லினக்ஸில் இலவச டாவின்சி ரிசால்வ் எச்.264-ஐத் திறக்காது, கணினி எவ்வளவு வேகமானதென்றாலும் அங்கே மாற்றித்தான் ஆகவேண்டும்.