மூன்று தேதிகளில் அடித்த ஒரு புயல்

1746இல் சென்னைக் கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையைச் சிதறடித்த புயல் எந்த நாளில் அடித்தது? புத்தகத்துக்குப் புத்தகம் பதில் மாறுகிறது. ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றில் அக்டோபர் 2 நள்ளிரவு. பிரெஞ்சு ஆவணங்களை ஒட்டி எழுதியவர்களிடம் அக்டோபர் 13. பழைய புயல்களுக்குப் பட்டியல் போடுகிறவர் இரண்டையும் தனித்தனிப் புயலாக எழுதிவிட்டால்கூட ஆச்சரியமில்லை. சோழமண்டலக் கரையின் பழைய புயல்களைத் தேடித் தொகுக்கும் வேலையில் என்னை அதிக நாள் பிடித்து வைத்திருந்தது இந்த ஒரு புயல்தான்.

ஓர்ம் இதை நேரில் பார்த்தவர் அல்லர். அப்போது அவருக்குப் பதினேழு வயது, வங்காளத்தில் இருந்தார். ஆனால் பார்த்தவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார் என்பது அவர் தரும் விவரங்களில் தெரிகிறது. அன்று பகல் முழுக்க வானம் தெளிந்து கடல் அமைதியாக இருந்திருக்கிறது. நள்ளிரவில் காற்று கிளம்பி மறுநாள் நண்பகல்வரை ஓயவில்லை. மாலையில் கரைக்கு எதிரே ஆறு பிரெஞ்சுக் கப்பல்கள் நின்றன. விடிந்து பார்த்தால் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

சம்பவம் நடந்த ஊரின் சொந்தக் குறிப்பு கிடைக்குமா என்று பார்ப்பதுதான் முறை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆவணங்கள் 1670களிலிருந்து வரிசையாக இருக்கின்றன. யார் எந்தக் கப்பலில் வந்தார், எத்தனை மூட்டை துணி ஏறியது, யாருக்கு அபராதம் என்றெல்லாம் நாள் தவறாமல் எழுதி வைத்த கிழக்கிந்தியக் கும்பினி எழுத்தர்கள் இந்தப் புயலையா விட்டிருப்பார்கள்? எழுதும் நிலையில் அவர்கள் இல்லை. அந்தச் செப்டம்பரில்தான் மொரீசியஸ் ஆளுநர் லா பூர்தொனே கப்பற்படையோடு வந்து சென்னையைப் பிடித்திருந்தார். கோட்டையில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. எழுதுகோல் பிடித்த ஆங்கிலேயர்கள் கைதிகள். அவர்களில் சிலர் தப்பிக் கடலூருக்கு ஓடினார்கள். மாறுவேடத்தில் போனவர்களில் இளைஞன் ராபர்ட் கிளைவும் ஒருவன். 1746 முதல் 1752 வரை கும்பினியின் கிழக்குக்கரைத் தலைமை கடலூரையடுத்த புனித டேவிட் கோட்டைதான். ஆகவே சென்னையில் அடித்த புயலின் ஆங்கிலத் தடத்தைத் தேடுகிறவர் கடலூர் வரிசைக்குத் திரும்ப வேண்டும்.

தேதிக் குழப்பத்தின் ஒரு பாதி இங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. பிரான்ஸ் 1582லேயே போப் கிரிகோரி திருத்திய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 செப்டம்பர் வரை பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையே பதினொரு நாள். கோட்டைக்குள் வெற்றி பெற்றவனும் தோற்றவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசினாலும், தாளில் ஆளுக்கொரு தேதி. 2உடன் 11ஐக் கூட்டினால் 13. ஒரே இரவு, ஒரே புயல்.

மறுபாதி தமிழில் இருக்கிறது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து எழுதிவந்த நாட்குறிப்பில் இந்த மாதங்கள் விரிவாக வருகின்றன. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் பக்கத்தில் இருந்தவர். சென்னையிலிருந்து வந்த செய்தியும் அதைக் கேட்டவர்களின் முகமாற்றமும் அவருக்குத் தப்பவில்லை. அவருடைய கையெழுத்துப் படிகளைப் புதுச்சேரியில் கலுவா மொம்பிரேன் கண்டெடுத்தது 1846இல், அதாவது இந்தப் புயலுக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. பிள்ளை நாள் குறிப்பது தமிழ் ஆண்டு, தமிழ் மாதக் கணக்கில். அந்த ஆண்டு அட்சய.

இங்கேதான் நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். இன்று ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17, 18 வாக்கில். நம்முடைய சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்றே நீளம். இரண்டரை நூற்றாண்டில் அது நான்கு நாள் வித்தியாசமாகிறது. நான்கு நாளைக் கழித்தால் 1746இல் ஐப்பசி பிறந்தது புதிய கணக்கில் அக்டோபர் 13, 14ஐ ஒட்டி. கப்பல்கள் காணாமல்போன இரவு புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் இரவு. சந்திரனையும் பின்னோக்கிக் கணக்கிட்டேன். அமாவாசைக்கு ஓரிரு நாளே பாக்கி. நிலவு கிடையாது, கடலேற்றமும் கூடுதலாக இருக்கும் நாட்கள்.

ஆங்கிலத் தேதியை மட்டும் பார்த்தால் அக்டோபர் தொடக்கத்தில் இப்படி ஒரு புயலா, பருவம் தப்பி வந்ததா என்று யோசிக்கத் தோன்றும். தமிழ்த் தேதியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஐப்பசி அடைமழை என்பது கரையில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லாத சேதி. பிற்காலத்தில் கும்பினியும் அக்டோபர் நடுவோடு கப்பல்கள் சென்னைக் கடலை விட்டு விலகிவிட வேண்டும் என்பதை வழக்கமாக்கிக்கொண்டது. லா பூர்தொனேக்கும் இது தெரிந்தே இருந்தது. பருவம் மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய அவசரம். 11 லட்சம் வராகன் பெற்றுக்கொண்டு நகரத்தை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவது அவர் திட்டம். கூடாது, நகரம் நம் கையில் இருக்கட்டும் என்பது டூப்ளேயின் பிடிவாதம். கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன. பிடித்த சரக்கு கப்பலேறிக்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டது.

அந்தச் சரக்கை ஏற்றியது யார்? சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. அதற்கான வேலை தொடங்கியதே 1870களில்தான். கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். இடையில் மடிந்து மடிந்து உடையும் அலைவரிசை. ஐரோப்பியப் படகு எதுவும் அதைத் தாண்டாது. சரக்கோடு தாண்டுவது மசூலா படகு மட்டும். ஓர் ஆணிகூட இல்லாமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. மரச்சட்டமும் உள்ளே கிடையாது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். தையலின் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்கும். இறைத்துக் கொட்ட ஓர் ஆள் எப்போதும் வேண்டும். அவசரக் கடிதம் என்றால் கட்டுமரக்காரர் அதை ஓலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு அலைக்குள் நுழைவார். சென்னையை ஆண்டவர் யாராக இருந்தாலும் வந்த ஒவ்வொரு பீப்பாயும் போன ஒவ்வொரு துணிமூட்டையும் இந்தக் கைகளைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஓர்ம் கப்பல்களின் பெயரைச் சொல்கிறார்: டியூக் தோர்லியான், ஃபீனிக்ஸ் என்று. மூழ்கிய மனிதர்களைத் தொகையாக, ஏறத்தாழ 1200 என்கிறார். லா பூர்தொனே மொரீசியஸில் திரட்டிக் கொண்டுவந்த படையில் ஆப்பிரிக்க அடிமைகளாக இருந்தவர்களும் நூற்றுக்கணக்கில் உண்டு. அந்தத் தொகையைப் படிக்கும்போது அவர்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

புதுச்சேரியில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களுக்கு அன்றிரவு ஒன்றும் ஆகவில்லை. இது எனக்கு மிக முக்கியமான தடயமாகப் பட்டது. நூற்றைம்பது கிலோமீட்டர் தெற்கே சேதமில்லை என்றால், இது அகன்று பரவிய புயல் அல்ல. சுருங்கிய, வேகமான சுழல். பகலில் வானம் தெளிந்திருந்ததும் நள்ளிரவில் திடீரென்று காற்று எழுந்ததும் அதோடு பொருந்துகின்றன.

காற்று அரை நாளில் ஓய்ந்தது. ஊர் மீள்வதற்கு ஆண்டுகள் ஆயின. கப்பல்களை இழந்த லா பூர்தொனே பாய்மரம் ஒடிந்தவற்றை ஒட்டுப்போட்டுக்கொண்டு அம்மாதம் 23ஆம் தேதி, புதிய கணக்கில், கிளம்பிப் போனார். பிறகு பாரிஸில் பாஸ்தீய் சிறையில் கிடந்தார். அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை டூப்ளே தூக்கி எறிந்தார். கடலிடம் தோற்றிருந்தாலும் நகரம் பிரெஞ்சுக்காரரிடம் 1749 வரை இருந்தது. கோட்டைச் சுவரை ஒட்டிய கருப்பர் நகரத்து வீடுகளைப் பாதுகாப்புக்கு இடைஞ்சல் என்று அவர்கள் இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர் மீதியையும் இடித்துத் திடலாக்கினார்கள். நெசவு வணிகர்களும் துபாஷிகளும் குடியிருந்த தெருக்கள், சென்னக் கேசவர் கோயில் உட்பட, போயின. கோயில் பின்னர் வேறிடத்தில், இன்றைய தேவராஜ முதலி தெருவில், எழுந்தது. பழைய தெருக்கள் இருந்த இடத்தில் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. லா பூர்தொனேயின் கப்பல்கள் முழுதாக நின்றிருந்தால் அவர் பேச்சு எடுபட்டிருக்கும், அந்தத் தெருக்கள் தப்பியிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

என் பட்டியலில் இதற்கு அடுத்த பெரிய புயல் 1749இல் கடலூர்ப் பக்கம் நாமூர் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலை ஐந்நூறுக்கும் மேற்பட்டோருடன் விழுங்கியது. பழைய கணக்கில் ஏப்ரல் 13. அதற்கும் பதினொரு நாள் கூட்டவேண்டியிருந்தது. அடுத்தது 1761 ஜனவரி 1, விக்கிரம ஆண்டு மார்கழி, புதுச்சேரி. முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பற்படையில் சண்டர்லாந்து, டியூக் ஆஃப் அக்விடேன் முதலிய கப்பல்கள் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பிய கப்பல்கள் சில நாளிலேயே திரும்பி வந்து முற்றுகையைத் தொடர, அந்த மாத நடுவில் ஊர் விழுந்தது. அதே ஜனவரியில் ஆனந்தரங்கப் பிள்ளையும் காலமானார். இங்கிலாந்து நாட்காட்டியை மாற்றி அப்போது எட்டு ஆண்டு ஆகியிருந்தது. இந்தப் புயலுக்கு இரு தரப்பிலும் ஒரே தேதி.